கீறல் இல்லாத பாதம்

விடிந்ததும் கொல்லைக் கதவைத் திறந்த மாயக்காள், தண்ணீர்த் தொட்டியருகே ஓர் எலி செத்துக் கிடப்பதைப் பார்த்தாள். மூன்று நாளில் இது இரண்டாவது. பூனை கடித்த அடையாளம் இல்லை.

சிம்மக்கல்லில் அந்த வீட்டின் முன்பாதி உக்கிரபாண்டியின் பயறு மண்டி. பின்பாதியில் அவனும் இரண்டு மனைவிகளும் குடியிருந்தார்கள். மாயக்காள் மூத்தவள், பிள்ளையில்லை. நான்கு வருடத்துக்கு முன் வந்த முத்துத்தாய்க்கு இரண்டு வயதில் ஒரு பெண்.

மாயக்காள் கம்பத்தில் பிறந்தவள். அந்தப் பக்கம் பிளேக் பரவிய காலத்தில், எலி விழுந்த வீட்டை அன்றே பூட்டிவிட்டுச் சனங்கள் தோட்டத்தில் குடிசை போட்டுத் தங்கினார்கள். அவள் அம்மா அப்படித் தப்பியவள். செத்த எலியின் உடம்பு ஆறியதும் அதிலிருக்கும் தெள்ளுப்பூச்சி ஆளைத் தேடி வரும் என்பாள்.

காபி குடித்துக்கொண்டிருந்த கணவனிடம் மாயக்காள் இதைச் சொன்னாள். எல்லோரும் தங்கள் செக்கானூரணித் தோட்டத்துக்குப் போய்விடலாம் என்றாள்.

அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"போன மாசம் இந்தத் தண்ணி சின்னவளுக்கு ஆகல, அவ ஊர்ல போயி இருக்கட்டும்ன. அதுக்கு முந்தி வாசப்படி ராசியில்லன்ன. இப்ப எலியா? அவ இங்க இருக்கறது ஒனக்குப் பொறுக்கல. அதைச் சொல்லு."

தண்ணீரும் வாசற்படியும் மாயக்காள் பொறாமையில் சொன்ன பொய்கள். எலி மட்டும் மெய். ஆனால் அந்த நிமிடம் அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

அடுப்படி வாசலில் முத்துத்தாய் நின்றிருந்தாள். காலில் புதுக் கொலுசு. மாயக்காளின் கண் எப்போதும்போல அங்கேதான் போனது. அவளுக்கும் ஒரு காலத்தில் கொலுசு இருந்தது. மண்டி வைத்தபோது அவளே கழற்றி விற்கக் கொடுத்தாள். இப்போது அவள் காலில் பித்தவெடிப்புதான் மிச்சம்.

அதன்பிறகு எலி எதுவும் கண்ணில் படவில்லை. "என்ன, ஒன் எலியெல்லாம் கம்பத்துக்குப் பஸ் ஏறிருச்சா?" என்று உக்கிரபாண்டி சிரித்தான்.

ஆறாம் நாள் முத்துத்தாய்க்குக் குளிர்காய்ச்சல் வந்தது. தலை பிளக்கிறது என்றாள். மறுநாள் ஒரு காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. தொடையிடுக்கில் கட்டி வந்திருப்பதைக் கூச்சத்தோடு கணவனிடம் மட்டும் சொன்னாள். காலில் புண் வந்தால் அங்கே நெறி கட்டுவது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். நெறி கட்டியிருக்கிறது, ஒத்தடம் கொடுக்க வெந்நீர் வேண்டும் என்று அவன் மூத்தவளிடம் வந்தான்.

"எந்தக் கால்ல புண்ணு?"

"ஏதாவது முள்ளு குத்திருக்கும்."

"இல்லைங்க. அவ கால்ல ஒரு கீறல் கிடையாது. பிளேக் கட்டியும் அங்கதான் வரும்."

அவன் எரிச்சலோடு உள்ளே போய்ப் போர்வையை விலக்கி, இரண்டு பாதங்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒன்றுமில்லை. திரும்பி வந்தபோது மாயக்காள் ரிக்‌ஷாவை வாசலுக்கே கூட்டி வந்திருந்தாள்.

பெரியாஸ்பத்திரியில் உக்கிரபாண்டி காய்ச்சல் என்று மட்டும் சொன்னான். மாயக்காள் இடையில் புகுந்து கட்டியையும் எலியையும் சொன்னாள். டாக்டரம்மா நிமிர்ந்து, எலி எத்தனை என்று கேட்டார்.

"நான் பாத்தது ரெண்டு."

"பதினொண்ணு" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது.

முத்துத்தாய் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். எலிப் பேச்சு வந்த நாளிலிருந்து தினமும் அக்காவுக்கு முன்னால் எழுந்து, செத்த எலிகளை வாலைப் பிடித்துத் தூக்கி எறிந்திருக்கிறாள்.

"அக்கா சொன்னதுதான் சரின்னு ஆயிருமேன்னு... தோட்டத்துல அவுகளுக்குத் தெரியாத வேலையில்ல. அங்க போனா என்னைய யாரு மதிப்பா?"

டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். பதில் வரும்வரை காத்திருக்காமல் ஊசியை அப்போதே தொடங்கினார். நோய் நுரையீரலில் இறங்கினால் இருமலிலேயே பரவும் என்று தனி அறை கொடுத்தார். வீட்டிலிருந்தவர்களுக்கு மாத்திரை. மண்டிக்கு மருந்துப் பொடி தூவ ஆள் போனது. இன்னும் ஒரு நாள் ஒத்தடம் கொடுத்திருந்தால் உயிர் தங்கியிருக்காது என்று அவர் சொன்னதை, உக்கிரபாண்டி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். குழந்தையோடு அவன்தான் தோட்டத்துக்குப் போனான்.

மாயக்காள் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு கூடவே இருந்தாள். நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது. பத்தாம் நாள் துணி வேண்டாம் என்றார்கள்.

"அக்கா, காலைப் பாக்காமயே எப்படிச் சொன்னீக?"

மாயக்காள் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"நாலு வருசமா அதைத்தானடி பாத்துக்கிட்டு இருக்கேன். ஒரு கீறலாவது விழாதான்னு."

முத்துத்தாய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாயக்காளுக்கும் கண் நிறைந்து வழிந்தது. பிறகு முத்துத்தாய் குனிந்து கொலுசின் திருகாணியில் கை வைத்தாள். மாயக்காள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"கெடக்கட்டும். நீ எந்திரிச்சு நடக்கற சத்தம் எனக்குக் கேக்கணும்."