தீவில் நின்ற சாட்சி

ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய்!

மண் வெட்டிய கூலியில் குற்றாலலிங்கம் சொரிமுத்துவுக்கு வைத்திருந்த பாக்கி அது.

கேட்ட சொரிமுத்து, ஆற்றுத் தீவில், தான் தோண்டிய குழிக்குள்ளேயே மண்டை பிளந்து கிடந்தான்.

பங்குனி மாதத்து முழங்கால் தண்ணீரில் தாமிரபரணியைக் கடந்து வந்த இன்ஸ்பெக்டர் முகம்மது இப்ராஹிம், நனைந்த பேண்ட்டைப் பிழிந்தபடி எட்டிப் பார்த்தார்.

ஆயிரம் வருஷத்துச் செங்கல் சுவர். உடைந்த தாழிகள். நடுவே ஒரு நாள் பழசான பிணம்...

"குடிச்சிட்டு விழுந்துட்டான், சார்" என்றார் குற்றாலலிங்கம்.

டவுண் ரதவீதியில் ஜவுளிக்கடை. இந்தத் தொல்லியல் தோண்டல் காண்ட்ராக்ட்தான் அவருடைய முதல் மண்வேலை. வேலைக்கென்று மண்வெட்டியைத் தொட்டதே கிடையாது!

"நீரு பாத்தீரா?"

"நான் எங்க பாத்தேன்? தீவுக்கு வந்தே ஒரு வாரமாச்சு. நேத்து பூரா கடையில இருந்தேன்."

சொரிமுத்துவின் மனைவி சுடலைவடிவு அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

குற்றாலலிங்கம் அவளிடம் ஒரு காகிதத்தை நீட்டினார். "கைநாட்டு வைம்மா. ஐந்நூறு ரூவா தாரேன்."

எழுத்துக்கூட்டிப் படித்தாள். "கு...டி...போ...தை...யில்..."

அறிவொளி வகுப்பில் கற்ற எழுத்து!

காகிதம் நாலாகக் கிழிந்தது.

"குடியா? வெத்தல கூட போட மாட்டாவளே! ஆறடி வெட்டினதுக்கு மூணடிக் கூலி குடுத்தீரு. மிச்சத்தக் கேட்டாவ. கொன்னுட்டீரு!"

"ஏளா, வாய்க்கு வந்தத பேசாத!"

"வாய்க்கு வந்ததா? சாட்சி இருக்கு வே!"

குற்றாலலிங்கத்துக்கு வியர்த்தது.

"என்ன... சாட்சி?"

"குழிக்குள்ளயே நின்னுச்சு! இப்பமும் இங்கனதான் நிக்கி. அய்யாட்ட காட்டட்டா?"

"பொய், சார்! நேத்து சாயங்காலம் குழிக்குள்ள நானும் அவனும் மட்டுந்தான் நின்னோம்! ஒரு காக்கா குருவி கிடையாது..."

சட்டென்று வாயை மூடினார்.

லேட்!

"கடையிலல்லா இருந்தேன்னீரு?" இன்ஸ்பெக்டர் சிரித்தார். விலங்கு 'க்ளிக்' என்றது. "யாரும்மா அந்தச் சாட்சி?"

சுடலைவடிவு குழியின் நடுவே கை நீட்டினாள்.

ஒற்றை மண்தூண்! தலையில் புல்லோடு ஆறடிக்கு நின்றது.

"எத்தன அடி வெட்டினோம்னு அளக்க, நடுவுல கொஞ்சம் மண்ண வெட்டாம விடுவோம், அய்யா. அதுக்குப் பேருதான் சாட்சி. நான் கூலிக்குத்தான் சாட்சி சொன்னேன்... கொலைக்கு அவரே சொல்லிட்டாரு!"

குற்றாலலிங்கம் விலங்குக் கையால் பர்ஸை உருவினார். "பத்தாயிரம் இருக்கு தாயி... எல்லாத்தையும் எடுத்துக்க..."

அவள் ஆயிரத்து நூற்று நாற்பதை மட்டும் எண்ணி எடுத்தாள். மிச்சத்தை அவர் முகத்திலேயே விட்டெறிந்தாள்.

"கூலி தீந்துட்டு! ஜெயில்ல உம்மளையும் மண்ணு வெட்டச் சொல்லுவாவ. மறக்காம சாட்சி விட்டு வெட்டும் வே... இல்லன்னா உம்ம கூலிய எவனாவது அமுக்கிருவான்!"