தையல் தெரியாத வயிறு

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து வந்த ஆட்டோ வாசலில் நின்றபோது கனகாவுக்கு ஒரே எண்ணம்தான். படுக்க வேண்டும். முந்தாநாள்தான் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். முன்போல வயிற்றைக் கிழிப்பதில்லை. இப்போதெல்லாம் லேப்ராஸ்கோப்பி, சின்னச் சின்ன ஓட்டைகள்தான். "வெளியே ஆறிடும்மா, உள்ளே தையல் இருக்கு. கனம் தூக்கினா பிரிஞ்சு உயிருக்கே ஆபத்து" என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

யார் கேட்டார்கள்! பார்க்க வந்த பெண்கள் புடவையை விலக்கி, பிளாஸ்திரிகளைப் பார்த்துவிட்டு, "இவ்ளோதானா?" என்று உதட்டைப் பிதுக்கினார்கள். அவள் புருஷன் தாமோதரன் மறுநாளே மாட்டுக் கொட்டகையைக் காட்டினான்.

"தொட்டிய ரொப்பி மாட்டுக்குத் தண்ணி காட்டு மே. அண்ணிக்கு வவுத்தையே கிழிச்சிருந்தாங்கோ, தூக்கக்கூடாதுதான். உனுக்கு இன்னா கீது?"

அண்ணி, அவன் அண்ணன் பெண்டாட்டி சசிரேகா. கனகாவுக்கு அக்கா முறை. தையல் ஆறுமுன் இதே கொட்டகையில் பக்கெட்டைத் தூக்கி, ரத்தம் நிற்காமல் செத்துப்போனவள்.

கனகாவுக்குச் சண்டை போடக்கூடத் தெம்பில்லை. போய் பக்கெட்டின் பிடியில் கை வைத்தாள்.

டெட்டால் நெடி அடித்தது.

முதுகுப் பக்கம் யாரோ முனகினார்கள்.

"வுட்ருடி. உள்ள பிரிஞ்சிடும்."

திரும்பினாள். மாடுதான் நின்றது. பயப்படவும் முடியாத அசதி அவளுக்கு. "அப்போ நீயே தூக்குக்கா. என்னால முடியல" என்று முணுமுணுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் தாமோதரன் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தான்.

"தொட்டியே ரொம்பிக்கீது! முடியலன்னு இன்னா ஆக்ட் குடுத்தே!"

அவன் பாதமெல்லாம் ரத்தம்.

கனகா பதறித் தன் புடவையைத் தடவினாள். உலர்ந்திருந்தது.

கொட்டகையில் பக்கெட் நகரும் சத்தம் கேட்டது. கூடவே, பல்லைக் கடித்துக்கொண்ட முனகல்.

"நீ இங்க கீறே..." அவன் முகம் வெளிறியது. "அங்க யாரு?"

"அக்கா. எனக்கு பதிலா இன்னும் தூக்கிக்கினு கீது. போய் பக்கெட்ட வாங்கிக்கயேன்யா."

கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். தாமோதரன் தயங்கித் தயங்கிப் போய், தளும்பிக்கொண்டிருந்த பக்கெட்டின் பிடியைப் பற்றினான்.

"வெச்சிருங்க அண்ணி. நான் தூக்கறேன்."

இழுத்தான்.

"வுடுங்க அண்ணி!" என்று அழுதான்.

பக்கெட் அவன் பக்கம் வரவே இல்லை.