பொந்துக்குள் போனது யார்?

ஆர்டித் சமையலறைத் தரையில் கிடந்தாள்.

கன்னங்கள் செக்கச்செவேல் என்று இருந்தன. உடம்பில் அசைவே இல்லை!

"ஆர்டித்...! ஏய்... ஆர்டித்!"

இருமலென்று அவளை வீட்டில் விட்டுவிட்டுச் சர்ச்சுக்குப் போய், அப்போதுதான் திரும்பியிருந்த வெண்டல் ப்ரூயிட், தொப்பியை வாசலிலேயே வீசிவிட்டு ஓடினார். தோளைப் பிடித்து உலுக்கினார். தலை தொங்கியது. அவருக்கே கிறுகிறுவென்று வந்தது. மனைவியின் கைகளைப் பிடித்துத் தரதரவென்று வெளியே இழுத்து வந்து, போனை எடுத்து அலறினார்.

ஆம்புலன்ஸ் வந்தது. தீயணைப்பு வண்டியும் வந்தது. ஆர்டித்துக்கு மூச்சு இருந்தது... பேருக்கு!

அவளை ஏற்றிக்கொண்டு போன பிறகு ஷெரீஃப் ஆபீஸ் கார் ஒன்று வந்து நின்றது. போலீஸ் டெபுடி டாலிவர் இறங்கினான். சின்ன வயதில் ஆர்டித்திடம் ஞாயிற்றுக்கிழமை பைபிள் வகுப்பு படித்தவன்.

"டீச்சர் பொழச்சுக்குவாங்களா, டாலிவர்?" வெண்டலே அவனிடம் அவளை டீச்சர் என்றுதான் சொல்வார்.

"ஆக்ஸிஜன் குடுத்துட்டிருக்காங்க. டாக்டர் இன்னும் ஒண்ணும் சொல்லல. வெண்டல் சார்... உங்க வீட்டுக்குள்ள விஷவாயு! கார்பன் மோனாக்சைடு. வாசனை கெடையாது. தூங்கற மாதிரியே ஆளை முடிச்சிடும்."

"எங்கேர்ந்து வந்துச்சு?"

"பொந்துலேர்ந்து!"

அந்த ஊரில் எந்த வீடும் மண்ணில் உட்காராது. செங்கல் தூண்களின் மேல் நிற்கும். தரைப் பலகைக்கும் மண்ணுக்கும் நடுவே, தவழ்ந்து மட்டுமே போக முடிகிற இருட்டு இடுக்குதான் பொந்து. வீட்டைச் சூடாக்கும் ஹீட்டர், குழாய், ஒயர், சிலந்தி எல்லாவற்றுக்கும் அதுதான் குடித்தனம்.

"தீயணைப்புக்காரங்க உள்ள போய்ப் பாத்தாங்க. ஹீட்டரோட புகைக்குழாய் கழண்டு கெடக்குது சார். புகை வெளிய போகாம அப்படியே வீட்டுக்குள்ள ஏறியிருக்கு. பக்கத்துல ஆள் தவழ்ந்த தடம் வேற... புத்தம் புதுசு!" டாலிவர் அவரை உற்றுப் பார்த்தான். "உள்ள போறது நீங்கதானே?"

வெண்டல் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

நேற்றுத்தான்... சர்ச்சில் ஆண்கள் கூடிய காலைச் சாப்பாட்டில், பிஸ்கட் ரொட்டியை கிரேவியில் தோய்த்துக்கொண்டே ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியிருந்தார். 'வருஷத்துக்கு ரெண்டு தடவை பொந்துக்குள்ள போகணும்யா. போன வாரம்கூட நான் போனேன். தரையைத் தாங்குற ஒவ்வொரு கட்டையும் இரும்பு மாதிரி இருக்கு!' டாலிவரும் அதே மேஜையில்தான் உட்கார்ந்திருந்தான்.

"அவரை என்ன கேள்வி கேட்டுட்டிருக்கே? புடிச்சு உள்ள போடு!"

கத்திக்கொண்டே வந்தாள் ஏர்லீன். ஆர்டித்தின் அக்கா. சர்ச் தொப்பியைக்கூடக் கழற்றியிருக்கவில்லை.

"வருஷக்கணக்கா இருமிட்டிருந்தா என் தங்கச்சி! சமையல்கட்டுத் தரை அமுங்குதுன்னா. அலமாரியில துணியெல்லாம் பூசணம்னா. வீடு நாறுதுன்னு சர்ச் பொம்பளைங்க இங்க கூடறதையே விட்டுட்டாங்க. இந்த மனுஷன் என்ன சொன்னாரு? 'நான் பாத்துட்டேன், எல்லாம் நல்லாருக்கு'! உள்ள போய் என்ன பாத்தாருன்னு இப்பல்ல தெரியுது... கொலைகாரன்!"

வேலியோரம் பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்துவிட்டார்கள்.

டாலிவர் டார்ச்சை நீட்டினான். "நீங்க பாத்த எடத்தையெல்லாம் உள்ள போய்க் காட்டுங்க சார். நானும் பின்னாலயே வர்றேன்."

வெண்டல் மண்டியிட்டார். சின்னக் கதவு திறந்திருந்தது. ஈர மண்ணும் அழுகின மரமும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. தலையை நுழைத்தார். ஒரு தோள்... அவ்வளவுதான்! மூச்சு அடைத்துக்கொண்டது. மேலே இருந்த பலகை மொத்தமும் முதுகில் இறங்குவது போல இருந்தது.

பின்வாங்கி, புல்லில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"என்னால முடியாது... நான் போனதே இல்ல!"

"என்னது?"

"இந்த வீட்டுக்கு வந்து பத்தொம்பது வருஷம். ஒரு தடவைகூட உள்ள போனதில்ல டாலிவர்! இடுக்குன்னாலே எனக்கு உயிர் போயிடும். கதவைத் தெறப்பேன்... வாசல்லயே உக்காந்து ஒரு சிகரெட் புடிப்பேன். சேத்தை எடுத்து முழங்கால்ல பூசிக்கிட்டு எழுந்து வருவேன். 'இரும்பு மாதிரி இருக்கு'ம்பேன்."

வேலியோரம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

வெண்டல் தலையைக் குனிந்துகொண்டார். காதெல்லாம் எரிந்தது. இந்தச் சிரிப்புக்குக் கொலைகாரன் என்ற பெயரே தேவலாம் என்று தோன்றியது. இவர் பூசிய சேற்றை நம்பி, பாவம், அவள் அந்த வீட்டில் இருமிக்கொண்டே கிடந்திருக்கிறாள்.

அப்போதுதான் பொந்துக்குள்ளிருந்து தீயணைப்பு வீரர் ஒருவர் பின்பக்கமாகத் தவழ்ந்து வந்தார். கையில் பெரிய கண்ணாடி ஜாடி. உள்ளே கருஞ்சிவப்பாக ஏதோ தளும்பியது.

"ஹீட்டரை ஒட்டி இதே மாதிரி வரிசையா அடுக்கி வெச்சிருக்கு!"

டாலிவர் மூடியைத் திறந்து முகர்ந்தான். "காட்டுத் திராட்சை ஒயின்... முதல்தரம்!"

"ஐயோ!" ஏர்லீன் நெஞ்சில் கை வைத்தாள். "குடியே ஆகாத பாப்டிஸ்ட் வீட்டுலயா! ஒரு சொட்டு தொடமாட்டேன்னு பிள்ளைங்ககிட்ட சத்தியம் வாங்கறவ வீட்டுலயா! அடப்பாவி, குடி வேறயா?"

டாலிவரின் குரல் இறுகியது. "யோசிச்சு பதில் சொல்லுங்க சார். ஒயின் உங்களுதுன்னா நீங்க உள்ள போயிருக்கீங்க. குழாயும் உங்க வேலைதான். உங்களுது இல்லன்னா... இந்த வீட்டுல இருக்கறதே ரெண்டு பேரு."

ரெண்டு பேர்!

வெண்டலுக்குப் பொறி தட்டியது. ஆர்டித்தா? பிள்ளைகள் முன்னால் பைபிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆர்டித்தா? இந்த வேலியும் இந்தச் சிரிப்பும் நாளைக்கு அவளுக்கா?

"என்னுதுதான்," என்றார்.

"இப்பத்தானே போனதே இல்லன்னீங்க?"

"பொய் சொன்னேன். ஒயின் என்னுது. எழுதிக்கோ!"

க்ளிக்! கைவிலங்கு பூட்டியது.

அதே நொடியில் டாலிவரின் போன் அலறியது. ஆஸ்பத்திரி! கேட்கக் கேட்க அவன் புருவம் மேலே ஏறியது.

"டீச்சர் கண்ணு முழிச்சிட்டாங்க!"

"ஆண்டவரே..." வெண்டல் விலங்கோடு கையைக் கூப்பினார்.

"கண்ணு முழிச்சதும் மொத கேள்வி என்ன தெரியுமா சார்? 'வீட்டுக்கு அடியில யாரும் போகலையே?'"

ஒயினையும் விலங்கையும் பற்றிப் போனில் சொல்லிவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டான். ஆர்டித்தின் குரல் கரகரவென்று வந்தது.

"வெண்டலுக்கா விலங்கு மாட்டினே? கழட்டு டாலிவர்! ஒயின் என்னுது. பனியில உறைஞ்சு ஜாடி வெடிச்சிடும்னு வியாழக்கெழம எல்லாத்தையும் ஹீட்டர் பக்கம் தள்ளினேன். முதுகு குழாய்ல இடிச்சுது. என்னமோ நொறுங்கற சத்தம் கேட்டுச்சு. அதுக்குள்ள வெண்டல் வண்டி வர்ற சத்தம்... திரும்பிப் பாக்காம ஓடி வந்துட்டேன்."

தீயணைப்பு வீரர் தலையாட்டினார். "குழாயைத் தாங்கின தகரப் பட்டை ஈரத்துல துருப்பிடிச்சு அப்பளமா இருக்கு. அன்னிக்கு லேசா விலகி, இன்னிக்கு முழுசா விழுந்திருக்கும்."

"ஆர்டித்..." வெண்டல் போன் பக்கம் குனிந்தார். "போயும் போயும் அங்க எதுக்கு வெச்சே?"

"நீ எட்டிப் பாக்காத ஒரே எடம் அதுதானே!"

வேலியோரம் எல்லாத் தலைகளும் வெண்டல் பக்கம் திரும்பின.

"உனக்கு... தெரியுமா?"

"மொத வருஷத்துலேர்ந்தே தெரியும். முழங்கால் பூரா சேறு, முழங்கை மட்டும் பளிச்சுன்னு இருக்கும். தவழ்ந்து வந்தவனுக்கு முழங்கையில சேறு ஒட்டாதா? துணி துவைக்கறவ நான்தானே!"

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே..."

"எப்படிக் கேப்பேன்? உள்ள கட்டையெல்லாம் பஞ்சா மக்கிப்போச்சு வெண்டல். என் கண்ணால பாத்தேன். சொன்னா, 'நீ எப்படிப் பாத்தே'ன்னு கேப்பியே! எனக்கும் வெக்கம்... உனக்கும் வெக்கம். நம்ம ரெண்டு பேர் வெக்கமும் சேந்து வீட்டைத் தின்னுடுச்சு."

வெண்டல் சத்தமாகவே அழுதார். "மன்னிச்சுடு ஆர்டித். எல்லாத்துக்கும் நான்தான் காரணம்."

"அழாத. வர்றப்ப எனக்கு மாத்துத்துணி கொண்டு வா. பூசணம் இல்லாததா பாத்து எடு."

போன் அணைந்தது. ஏர்லீன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக் கசக்கினாள். வெண்டலின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

டாலிவர் விலங்கைத் திறந்தான். உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"செய்யாத குத்தத்துக்கு உங்களப் புடிச்சிட்டேன்னு மனசு சங்கடப்பட்டுச்சு சார்... இப்பல்ல புரியுது! உங்க குத்தமே ஒண்ணும் செய்யாததுதான்!"