விறைத்த மஞ்சள் கொடி

எங்கள் ஊரில் காலையில் எழுந்தால் பல் தேய்ப்பதற்கு முன்னால் கொடி ஏற்ற வேண்டும். பெரிய கொடியெல்லாம் இல்லை, மூங்கில் கம்பில் கட்டிய மஞ்சள் துணிதான். அதை வாசலில் செருகி வைத்தால், "எழுந்துட்டேன், நல்லா இருக்கேன்" என்று அர்த்தம். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒலிபெருக்கியில் மலை முழுக்க ஒரு பாட்டு கேட்கும். அப்போது கொடியை உள்ளே எடுத்துவிட வேண்டும்.

ஊரில் பெரும்பாலும் தாத்தா பாட்டிகள்தான். பலர் தனியாக இருக்கிறார்கள். காலையில் எந்த வீட்டில் கொடி தெரியவில்லையோ, அந்த வீட்டுக் கதவை அந்த வழியாகப் போகிறவர் தட்டிப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடம் போகிற ஒரே ஆள் நான்தான் என்பதால் நிறையக் கதவுகளை நான் தட்டியிருக்கிறேன். என் பெயர் சுசுனா, ஐந்தாம் வகுப்பு படிக்கிறேன். இதுவரை தட்டியதில் எல்லாரும் வெறுமனே தூங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

கொடி ஏற்பாட்டைச் செய்தது என் அம்மா. இந்தப் பக்கத்து மலை ஊர்களுக்கெல்லாம் அவர்தான் சுகாதார நர்ஸ். அம்மா செய்த இன்னொரு ஏற்பாடு சனிக்கிழமைப் பயிற்சி. ஊர்க்கூடத்தில் எல்லாரும் நாற்காலி போட்டு உட்காருவார்கள். மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிக்கொள்வார்கள். அந்தப் பட்டைக்குள் குட்டிக் குட்டி இரும்புக் கட்டைகள் இருக்கும். திரையில் ஒரு குரல் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணும். அதற்குள் கையைத் தூக்கவேண்டும். மறுபடி நான்கு எண்ணுவதற்குள் இறக்கவேண்டும்.

கேட்க சுலபம்தான். ஆனால் அந்தக் குரல் எண்ணுகிற வேகத்தைப் பார்த்தால் நத்தைக்குக் கொட்டாவி வரும்.

"பாட்டி, கொஞ்சம் வேகமா செஞ்சா சீக்கிரம் முடியும்ல?" என்று ஒருநாள் தோமியே பாட்டியிடம் கேட்டேன்.

"முடிஞ்சு எங்க போகணும் எனக்கு? எண்பத்தெட்டு வயசாச்சுடி," என்றார் பாட்டி. கையை மட்டும் மெதுவாகவே இறக்கினார்.

பயிற்சிக்கு வராத ஒரே ஆள் ஓகுரா தாத்தா. அவர் முன்பு ரயில் நிலைய அதிகாரியாக இருந்தவர். இப்போதும் நிமிர்ந்து நடப்பார், நிமிர்ந்து உட்காருவார். "கையத் தூக்குறதுக்கு ஒரு கூட்டமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அவருக்கு உதவி செய்யவே ஊரில் பயப்படுவார்கள். ஊர்த்தலைவர் கன்பெய் தாத்தா ஒருமுறை அவர் வீட்டுப் படியில் கிடந்த பனியை அள்ளி அகற்றினார். மறுநாள் கன்பெய் தாத்தா எழுவதற்குள் அவர் வீட்டு முற்றமே துடைத்து வைத்ததுபோல இருந்தது. தோமியே பாட்டி முள்ளங்கி ஊறுகாய் கொடுத்தால், அன்று சாயங்காலமே பாட்டியின் வாசலில் அதைவிடப் பெரிய ஜாடி இருக்கும். "இந்த மனுஷனோட பெரிய ரோதனை. ஊறுகாய் வைக்க வீட்டுல இடமில்ல," என்று பாட்டி புலம்புவார்.

ஆனால் கொடி விஷயத்தில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. ஐந்து மணிப் பாட்டின் முதல் ஒலி கேட்கும்போதே அவர் கை கொடிக் கம்பில் இருக்கும். அப்படியே சுருட்டி உள்ளே எடுத்துப்போவார்.

அந்தச் சனிக்கிழமை அம்மாவுக்கு விடியற்காலையிலேயே பக்கத்து ஊரிலிருந்து அழைப்பு வந்தது.

"நீ போய் வீடியோவைப் போட்டு விடும்மா. கன்பெய் தாத்தா கையில ரிமோட்டக் குடுத்தா சமையல் நிகழ்ச்சியப் போட்டுருவாரு," என்று சொல்லிவிட்டு அம்மா வண்டியை எடுத்தார்.

முந்தின நாள் சாயங்காலம் மழையும் பனியுமாகக் கொட்டியிருந்தது. ராத்திரி வானம் தெளிந்து, குளிரில் எல்லாம் உறைந்து இறுகிவிட்டது. பாதை கண்ணாடிபோல வழுக்கியது. ஓரத்துப் பனிக் குவியலில் கால் புதைத்து நடந்தேன்.

ஓகுரா தாத்தாவின் வீடு பாதைக்கு மேலே, செங்குத்தான கல்படிகளின் உச்சியில் இருக்கிறது. கீழேயிருந்து நிமிர்ந்து பார்த்தேன். மஞ்சள் தெரிந்தது. வழக்கம்போலக் கொடிக்குக் கை காட்டிவிட்டுப் போனேன். கருவாடு மாதிரி விறைத்து நின்றது அந்தக் கொடி.

கூடத்தில் எல்லாரும் பட்டை கட்டித் தயாராக இருந்தார்கள். வீடியோவைப் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். ஒன்று… இரண்டு… மூன்று… எண்ணி முடிப்பதற்குள் எனக்கு ஜன்னல் வழியே ஊரையே பார்க்க நேரம் இருந்தது. தோமியே பாட்டி வீட்டுக் கொடி காற்றில் ஆடியது. கன்பெய் தாத்தா வீட்டுக் கொடியும் ஆடியது. எதிர் வரிசை முழுக்கப் படபடத்தது.

அப்படியென்றால் ஓகுரா தாத்தாவின் கொடி மட்டும் ஏன் ஆடவில்லை?

"கன்பெய் தாத்தா, இன்னிக்குக் காலைல மழை பெஞ்சுதா?"

"இல்லையே. நேத்து சாயங்காலம்தான். ஏன் கேக்குற?" கை பாதியில் நின்றது.

"ஓகுரா தாத்தா கொடி ஐஸாகி நிக்குது. கம்பு மேலயும் பனி இருக்கு."

"கொடி இருக்குல்ல? அப்ப மனுஷன் நல்லா இருக்காரு. போய்த் தட்டினோம்னா வள்ளுனு விழுவாரு."

"இல்ல தாத்தா. காலைல வெச்ச கொடி நனையவே இல்லையே, எப்படி உறையும்? நேத்து மழைல நனைஞ்ச கொடி அது. ராத்திரி பூரா வெளிய இருந்திருக்கு. நேத்து பாட்டு வந்தப்ப அவரு எடுக்கவே இல்ல."

திரையில் குரல் மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது. யாரும் கையைத் தூக்கவில்லை.

"அந்த மனுஷனா கொடிய மறப்பாரு?" என்று தோமியே பாட்டி மெதுவாகச் சொன்னார். அதற்குள் நான் காலணியை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

கல்படிகள் முழுக்க ஐஸ். படிகளின் இரண்டு பக்கமும் முழங்கால் உயரப் பனிக் குவியல் இருந்தது. அதற்குள் கால் விட்டு ஏறினேன். பனிக்குள் கால் வழுக்காது, பிடித்துக்கொள்ளும்.

கதவு தாழிட்டிருக்கவில்லை. உள்ளே, வாசலை ஒட்டிய மண் தரையில் ஓகுரா தாத்தா கிடந்தார். ஒரு காலில்தான் காலணி இருந்தது. கைக்கு எட்டிய கோட்டு, மிதியடி, பழைய செய்தித்தாள் எல்லாவற்றையும் மேலே இழுத்துப் போட்டிருந்தார். முகம் சுவரைப்போல வெளுத்திருந்தது.

"தாத்தா?"

கண் திறந்தது. "கொடி… உள்ள எடுத்தாச்சா?"

"எடுத்துரலாம் தாத்தா. என்னாச்சு?"

"எடுக்கத்தான் போனேன். வாசல்ல விழுந்துட்டேன். ஊர்ந்து உள்ள வந்தேன். அப்புறம் கால் வரல." மூச்சு வாங்கினார். "காலைல கீழ ஆள் நடக்குற சத்தம் கேட்டுது. கூப்பிட்டேன். கொடி இருக்குன்னு எல்லாரும் போயிட்டாங்க."

அந்தச் சத்தத்தில் ஒன்று என்னுடையதுதான். எனக்கு அழுகை வந்தது. அழுவதற்கு இது நேரமில்லை என்று மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

பின்னாலேயே வந்த கன்பெய் தாத்தா ஆம்புலன்ஸை அழைத்தார். நான் அம்மாவை அழைத்தேன். "காலை அசைக்காதீங்க. கம்பளி போத்துங்க. தூங்க விடாதம்மா, பேசிக்கிட்டே இரு," என்றார் அம்மா.

தோமியே பாட்டி இரண்டு மெத்தைப் போர்வைகளைக் கொண்டுவந்து போர்த்தினார். என்ன பேசுவது? அவருக்குப் பிடித்தது ஒன்றுதான் எனக்குத் தெரியும்.

"தாத்தா, உங்க ரயில் எந்தெந்த ஊர்ல நிக்கும்? வரிசையாச் சொல்லுங்க."

அவர் சொல்ல ஆரம்பித்தார். ஒவ்வொரு ஊர்ப் பெயருக்கும் குரல் இறங்கிக்கொண்டே போனது. கண் மூடியது. நான் அதே வரிசையைத் திருப்பிச் சொன்னேன், நடுவில் ஒரு ஊரை வேண்டுமென்றே விட்டுவிட்டு.

கண் பளிச்சென்று திறந்தது. "சுரங்கத்துக்கு முன்னாடி ஒரு நிலையம் இருக்கு. அத விட்டுட்டா ஜனங்க எங்க இறங்குவாங்க?"

ஆம்புலன்ஸ் வரும்வரை அந்த ரயிலில் நிறைய ஊர்களை விட்டேன். ஒன்றையும் அவர் மன்னிக்கவில்லை.

ஆம்புலன்ஸ் கீழே பாதையில்தான் நின்றது. மூன்று பேர் தூக்குப் படுக்கையோடு படியேறினார்கள். அவர்களில் இளைஞன் ஒருவன் வழுக்கி உட்கார்ந்தே விட்டான். தாத்தாவைப் படுக்கையில் வைத்து நன்றாகப் பட்டை போட்டுக் கட்டினார்கள். பிறகு படிகளைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"இதுல தூக்கிட்டு இறங்குனா நாமளும் சேர்ந்து உருளுவோம்," என்றான் இளைஞன். "ஆள் வேணும். டவுன்லருந்து வர ஒரு மணி நேரம் ஆகும்."

"அவ்வளவு நேரம் தாங்காது. உடம்பு ரொம்பக் குளிர்ந்துபோச்சு," என்றார் அவர்களில் மூத்தவர்.

கீழே பாதையில் ஊரே நின்றது. பயிற்சிக்கு வந்த அத்தனை பேரும் கைத்தடியோடு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் படியைப் பார்த்தேன். இரண்டு பக்கத்துப் பனிக் குவியலையும் பார்த்தேன். அதில் நான் ஏறி வந்த குழிகள் அப்படியே இருந்தன.

"யாரும் நடக்கவே வேண்டாம்," என்றேன். "ரெண்டு பக்கமும் பனிக்குள்ள கால் புதைச்சு வரிசையா நிக்கலாம். படுக்கைய மட்டும் கைக்குக் கை மாத்தலாம்."

மூத்தவர் யோசித்தார். இளைஞன் கீழே பார்த்து, முடியாது என்று தலையை ஆட்டினான். "எல்லாரும் வயசானவங்க பாப்பா. கை நடுங்கும். நடுவுல விட்டுட்டா?"

"தம்பி," என்றார் தோமியே பாட்டி, அவனை ஓரமாக நகர்த்திக்கொண்டே. "கொஞ்சம் தள்ளி நில்லு. நான் நிக்கிற இடம் அது."

கைத்தடிகளைப் பாதையில் போட்டுவிட்டு எல்லாரும் பனிக்குள் கால் விட்டார்கள். உச்சியிலிருந்து பாதைவரை இரண்டு வரிசை. ஆம்புலன்ஸ்காரர்களில் இருவர் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டு பனியில் கூடவே இறங்கினார்கள். இளைஞன் கீழே தயாராக நின்றான்.

"சுசுனா, நீ எண்ணு," என்றார் கன்பெய் தாத்தா.

எப்படி எண்ணுவது என்று எனக்குத் தெரியும். எத்தனை சனிக்கிழமை கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டிருக்கிறேன்.

"ஒன்… று. இரண்… டு. மூன்… று. நான்… கு."

கைகள் உயர்ந்தன. படுக்கை உயர்ந்தது. சுருங்கிய கைகள், புள்ளி விழுந்த கைகள், விரல் கோணிய கைகள். ஒன்றுகூட நடுங்கவில்லை. ஒன்றுகூட முந்தவில்லை, பிந்தவில்லை. நான் எண்ணினேன். படுக்கை ஒரு ஜோடிக் கைகளிலிருந்து அடுத்த ஜோடிக்கு இறங்கியது. குலுங்காமல், சாயாமல், ஆற்றில் படகு போவதுபோலப் போனது.

எல்லாரும் என்னோடு சேர்ந்து எண்ண ஆரம்பித்தார்கள். மலை அந்த எண்ணிக்கையைத் திருப்பிச் சொன்னது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இவர்களையா நான் தினமும் பார்க்கிறேன்? இந்தக் கைகளா நத்தை வேகத்தில் தூங்கி வழிந்தவை? ஆம்புலன்ஸ்கார இளைஞன் வாயைத் திறந்தபடி நின்றான். நானும் அப்படித்தான் நின்றிருப்பேன், எண்ணவேண்டிய வேலை இல்லாவிட்டால்.

ஓகுரா தாத்தா மல்லாந்தபடி, தன்மேல் கடந்து போகிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் கண்ணிலிருந்து காதுவரை நீர் வழிந்தது. துடைக்கக் கை வரவில்லை, கட்டியிருந்தார்கள்.

கடைசிப் படியருகே அவர் குரல் கேட்டது. "வலது பக்கம் கொஞ்சம் சாயுது."

"பொழைச்சுக்குவாரு," என்றார், படுக்கைக்குப் பின்னாலேயே பனியில் இறங்கி வந்த தோமியே பாட்டி.

ஆம்புலன்ஸ் கதவை மூடும்போது அந்த இளைஞன் பாட்டியின் மணிக்கட்டைப் பார்த்தான். "இது என்ன பாட்டி, கைல?"

பாட்டி குனிந்து பார்த்தார். எல்லாரும் அவரவர் கையைப் பார்த்தார்கள். இரும்புக் கட்டைப் பட்டையை யாருமே கழற்றவில்லை.

"அதான் இவ்வளவு கனமா இருந்தாரா," என்றார் பாட்டி.

ஓகுரா தாத்தா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பனி உருகி, பாதையோரம் பச்சை முளைத்திருந்தது. அந்தச் சனிக்கிழமை கைத்தடியோடு கூடத்துக்கு வந்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு நேராக உட்கார்ந்தார். பட்டை கட்டிக்கொண்டார். இரண்டாவது சுற்றிலேயே, திரையில் இருக்கிற ஆள் கொஞ்சம் அவசரப்படுவதாகக் குறை சொன்னார்.

அன்று அவர் யாருக்கும் ஊறுகாய் ஜாடி கொண்டுவரவில்லை. "நீங்க அன்னிக்குச் செஞ்சதுக்கு எந்த ஜாடியும் பத்தாது," என்று மட்டும் தோமியே பாட்டியிடம் சொன்னார். "அப்பாடா," என்றார் பாட்டி.

இப்போதெல்லாம் காலையில் கொடி வெளியே வந்ததா என்று மட்டும் நாங்கள் பார்ப்பதில்லை. சாயங்காலம் உள்ளே போனதா என்றும் பார்க்கிறோம். மேல் பாதை வீடுகள் என் பொறுப்பு.

ஓகுரா தாத்தா பயிற்சிக்கு வந்த அன்று சாயங்காலம் கல்படிகளின் கீழே நின்றேன். பாட்டின் முதல் ஒலி மலையிலிருந்து வந்தது. ஓகுரா தாத்தா கொடிக் கம்பை உருவினார். என்னைப் பார்த்தார். முதுகை நிமிர்த்தி, ரயிலுக்கு வழி விடுவதுபோலக் கொடியை உயர்த்திப் பிடித்தார். நான் புறப்பட்டேன்.