குனியாத கழுத்து

மைன் நதி அன்று மாலை உருக்கிய ஈயம்போல் ஓடிக்கொண்டிருந்தது. திராட்சைக் கொடிகள் படர்ந்த மேற்குக் குன்றுகளுக்குப் பின்னால் சூரியன் இறங்கிவிட்டபோதிலும், அதன் கடைசிச் செம்மை எல்மர்ஸ்டைன் கோட்டையின் கொத்தளங்களில் போக மனமின்றித் தங்கியிருந்தது. கிழக்கே முழுநிலா எழுந்து, நீரின் மேல் நீளமாக ஒரு வெள்ளிப் பட்டையை விரித்திருந்தது. இந்த அழகெல்லாம் கரையில் நின்று பார்க்கிறவர்களுக்குத்தான், வாசக அன்பர்களே! தெப்பத்தின் மேல் முழங்கால் நனைய நின்று துடுப்பை வயிற்றால் தள்ளுகிறவனுக்கு நதி ஒரு பாரம்; நிலா ஒரு விளக்கு; அவ்வளவுதான்.

அப்படித் தள்ளிக்கொண்டிருந்தவன் யோர்க், தெப்பத் தலைவன். பிணைத்த ஓக் மரங்களின் மறுகோடியில் அவனுடைய பழைய கூட்டாளி பார்ட்டெல் நின்றான். நடுவே, தொளதொளத்த சட்டையும் காதுவரை இழுத்துவிட்ட தொப்பியுமாக ஓர் இளைஞன் துடுப்பைப் பிடித்திருந்தான். பிடித்திருந்தான் என்பதுதான் சரி. தள்ளினான் என்று சொல்ல முடியாது.

அது ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தாறாம் ஆண்டின் கோடைக்காலம். ஒரே மொழியில் ஜெபித்து, ஒரே மொழியில் ஏசிக்கொண்ட ஜெர்மானிய மக்கள் அன்று முப்பதுக்கும் மேற்பட்ட கொடிகளின் கீழ்ச் சிதறிக் கிடந்தார்கள். அந்தச் சிற்றரசுகளைத் தன் தலைமையில் ஒன்றாகக் கட்ட பிரஷ்யா பீரங்கிகளோடு புறப்பட்டிருந்தது. ஆஸ்திரியாவும் தென்னாட்டு மன்னர்களும் எதிர்த்து நின்றார்கள். எல்மர்ஸ்டைனின் முதிய கோமகன் சென்ற மாதம் இறந்துபோனார். ஆட்சிக்கு உரியவள் அவருடைய ஒரே மகள் அடெல்குண்டா. ஆனால், அவள் நோயுற்றிருக்கிறாள் என்று சொல்லி, அவளுடைய சிற்றப்பன் ஓட்டோகர் கோட்டையையும் படையையும் தன் கையில் எடுத்துக்கொண்டு, கடைசிக் கல் விழும்வரை போரிடப்போவதாக முழங்கிக்கொண்டிருந்தார்.

ஆற்றின் கீழ்ப்புறத்தில், எதிர்க்கரையில் பிரஷ்யப் பீரங்கிகள் வாய் திறந்து காத்திருந்தன. 'நாட்டுக்கு உரியவரே நேரில் வந்து பணிந்தால் நகரம் பிழைக்கும். இல்லையேல் விடியலில் சுடுவோம்' என்று அவர்களுடைய தளபதி சொல்லியனுப்பியிருந்தார். குண்டுகள் கோட்டைக்குப் போகும் வழியில் முதலில் விழக்கூடிய இடம், மதிலுக்கு வெளியே இருந்த தெப்பக்காரர் குடியிருப்பு. அங்கேதான் யோர்க்கின் மனைவி கிரேட்டா நிறைமாதமாகப் படுத்திருந்தாள். ஊரை விட்டு எவரும் வெளியேறக் கூடாது என்பது ஓட்டோகரின் கட்டளை. தென்னாட்டுப் படைக்குப் பாலம் கட்ட மரம் வேண்டுமென்பதால் தெப்பங்களுக்கு மட்டும் வழி விட்டார்கள்.

"கோமகளின் செய்தியோடு அரண்மனைக் குதிரைக்காரன் ஒருவன் வருவான். அவனை அக்கரை சேர்த்தால் பீரங்கி சுடாது" என்று அரண்மனைத் தாதி சொன்னபோது, யோர்க் வேறொன்றும் கேட்கவில்லை.

"ஏம்ப்பா லோரென்ஸு," என்றான் பார்ட்டெல். "குதிரை தேய்ச்ச கையா இது? வெண்ணெய் தேய்ச்ச கையாட்டம்ல இருக்கு!"

இளைஞன் துடுப்பில் பிடியை மாற்றிக்கொண்டான். அவன் உள்ளங்கைத் தோல் உரிந்து துடுப்பில் இரத்தம் ஒட்டியிருந்ததை யோர்க் பார்த்தான். ஆனால் அவன் ஒருமுறைகூட 'ஆ' என்று சொல்லவில்லை.

"எல்மர்ஸ்டைன்!" என்று கூவினான் யோர்க். அந்த நதியில் இடம், வலம் என்ற பேச்சே கிடையாது. எந்தக் கரைப் பக்கம் தள்ள வேண்டுமோ அந்தக் கரை எந்த நாட்டுடையதோ, அந்த நாட்டின் பெயரைக் கூவுவார்கள். மூவரும் தள்ள, தெப்பம் மெல்லத் திரும்பிக் கோட்டைத் துறையை நாடியது.

"அண்ணே, பிரஷ்யாக்காரன் எல்லாத்தையும் ஒரே நாடா ஆக்கிட்டான்னா, நாம என்னத்தைக் கத்தித் தெப்பத்தைத் திருப்பறது?" என்றான் பார்ட்டெல்.

"முதல்ல இந்தச் சங்கிலியைத் தாண்டு. அப்புறம் கத்து."

துறைக்கு எதிரே கரையிலிருந்து கரைக்கு ஓர் இரும்புச் சங்கிலி கட்டியிருந்தது. அதை இறக்கும்முன் தெப்பக்காரர்கள் கரையேறி, அங்கே நட்டிருக்கும் கோமரபின் கொடிக்கு முன்னால் இடுப்பு வளையக் குனிய வேண்டும். தண்ணீரின் மேல் குனிய வேண்டியதில்லை. துடுப்பை விட்டுக் குனிந்தால் தெப்பம் பாறையில் மோதி ஆள் சாவான் என்பதால் பழங்காலத்திலேயே அந்த விலக்குக் கிடைத்திருந்தது. கரையில் காலை வைத்துவிட்டால் விலக்கில்லை. எல்மர்ஸ்டைன் குழந்தை நடக்கக் கற்கும்போதே இதையும் கற்றுக்கொள்ளும்.

முரசு ஒலித்தது. யோர்க் குனிந்தான். பார்ட்டெல் குனிந்தான். காவல் வீரர்களும் குனிந்தார்கள். குனிந்தபடியே யோர்க் ஓரக்கண்ணால் பார்த்தான்.

இளைஞன் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தான்! அதில் திமிர் இல்லை, வீம்பும் இல்லை. மற்றவர்கள் குனிவதைப் பார்த்துப் பழகிய ஒருவர், அது முடியக் காத்திருப்பதுபோல் சாதாரணமாக நின்றான்.

"எவன்டா அவன், கொடிமரம் மாதிரி நிக்கிறவன்?" என்று காவல் சார்ஜண்ட் உறுமினான்.

யோர்க் யோசிக்கவில்லை. மரம் தூக்கிக் காய்த்த கையை ஓங்கி, இளைஞனின் பிடரியில் 'பளார்' என்று ஓர் அறை விட்டு, கழுத்தைப் பிடித்து மண்ணை நோக்கி அமுக்கினான். "குனிடா கழுதை! மன்னிக்கணும் சாமி, புதுப்பய. மலைக்காட்டுல மாடு மேய்ச்சது. மாட்டுக்கு இருக்கற மரியாதைகூட இதுக்குத் தெரியாது."

வீரர்கள் சிரித்தார்கள். துறைக்காவல் தலைவன் கேப்டன் எபர்ஹார்ட் மட்டும் சிரிக்கவில்லை. விளக்கை எடுத்துக்கொண்டு வந்து இளைஞனின் முகத்துக்கு நேரே பிடித்தான். பிடித்த விளக்கை இறக்கவில்லை.

"உன் பெயர் என்ன?"

"லோரென்ஸ்."

"லோரென்ஸ்..." எபர்ஹார்ட்டின் குரல் அடங்கியது. "சென்ற இளவேனில் விருந்தில் ஒரு பெண்மணியோடு நடனமாடினேன். அன்று முதல் எனக்கு உறக்கமில்லை. அது கிடக்கட்டும். ஒரு கேள்விக்கு விடை சொல். படைவீரன் செய்த சத்தியத்தை மீறலாமா?"

இளைஞன் மெல்லத் தலை நிமிர்த்தினான். "கொடிக்குச் செய்த சத்தியத்தை மீறலாகாது, கேப்டன். கொடியைப் பறித்துக்கொண்ட கைக்கும் அந்தச் சத்தியம் உண்டா என்பதைத் தாங்கள்தாம் சொல்ல வேண்டும்."

குதிரைக்காரன் பேசும் பேச்சா இது? விளக்கு தாழ்ந்தது.

"சங்கிலியை இறக்குங்கள்!" என்றான் எபர்ஹார்ட்.

"ஐயா, முகம் தெரியாத ஆளைப் பிடிச்சு வைக்கணும்னு பெரியவர் ஓட்டோகர் உத்தரவு..."

"இந்த முகம் எனக்குத் தெரியும், சார்ஜண்ட். இறக்கு!"

உருளை கிறீச்சிட்டது, சங்கிலி நீருக்குள் அமிழ்ந்தது. மூவரும் தெப்பத்தில் தாவி ஏறினார்கள். வெள்ளம் அதைப் பற்றி இழுத்தது. நிலா வெளிச்சத்தில் யோர்க் திரும்பிப் பார்த்தான். எபர்ஹார்ட் தொப்பியைக் கழற்றினான். கொடிக்கு முதுகைக் காட்டி நின்று, தெப்பத்தை நோக்கி நெற்றி முழங்காலைத் தொடுமளவு குனிந்தான்.

எல்மர்ஸ்டைனில் ஒரு கேப்டன் அப்படிக் குனிவது ஒரே ஒருவருக்குத்தான்.

சார்ஜண்ட் அரைக்கணம் விழித்தான். "கோமகள்! கோமகள் தப்பறாங்க! சங்கிலியைத் தூக்குங்கடா!"

ஆனால் எபர்ஹார்ட் அதற்குள் உருளையின் கைப்பிடியை உருவி ஆற்றில் வீசிவிட்டான். பத்துப்பேர் அவன்மேல் விழுந்தார்கள். துப்பாக்கிகள் வெடித்தன. ஒரு குண்டு பார்ட்டெலின் துடுப்பைச் சிம்பாக்கியது. "படுங்க!" என்று யோர்க் கத்தினான். படுக்கவேண்டியவள் படுக்கவில்லை, தொப்பி பறந்து, பொன்னிறக் கூந்தல் தோளில் சரிய, இரத்தம் வழியும் கைகளால் தன் துடுப்பைத் தள்ளிக்கொண்டிருந்தாள். இப்போது உண்மையாகவே தள்ளினாள்.

நதி வளைந்தது. கோட்டை மறைந்தது. வெடிச்சத்தமும் ஓய்ந்தது.

யோர்க் துடுப்பை விட்டு மண்டியிட்டான். "தாயே... நான்... இந்தக் கையால..."

"எழுந்திரும். துடுப்பை விட்டால் ஆள் சாவான் என்பதுதானே தெப்பக்காரர் வழக்கு?" அவள் பிடரியைத் தடவிக்கொண்டாள். "நீர் அடிக்காதிருந்தால் இந்நேரம் நான் சிறையில் இருப்பேன். கேப்டனைச் சிறைபிடித்துவிட்டார்கள், அல்லவா?"

"ஆமாம், தாயே. விடிஞ்சதும் சுட்டுடுவாங்க."

"விடியுமுன் கோட்டை சிற்றப்பாவின் கையில் இராது; உரியவளே பணிந்தபின் அவருக்காக எவரும் போரிடமாட்டார். இந்த நதியின் மேல் ஆணையிட்டுச் சொல்கிறேன். உம்முடைய மனைவியின் கூரையில் ஓர் ஓடு உடையாது. கேப்டனின் தலையில் ஒரு மயிர் உதிராது. அதற்கு விலை, என் முன்னோரின் கொடி. அதைக் கொடுத்துவிடுவேன்." கையில் வழிந்த இரத்தத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள். "ஆனால் அந்தத் தளபதியின் முன்னால் குனிய வேண்டும். எனக்குத்தான் குனியத் தெரியாது என்று இன்று ஊரறிந்துவிட்டதே. இப்போதே ஒருமுறை குனிந்து பார்க்கட்டுமா?"

"வேணாம் தாயே," என்றான் யோர்க். "தண்ணி மேல யாரும் குனியறதில்லை. கரைக்குப் போய்ப் பாத்துக்கலாம்."

கரையில் பிரஷ்யர்களின் பாசறைத் தீ வரிசையாக எரிந்தது. கூடாரத்து வாசலில் நரைத்த மீசைத் தளபதி வந்து நின்றார். எல்மர்ஸ்டைனின் கடைசிக் கோமகள், நனைந்த சட்டையோடு அவர் முன்னால் நடந்து போய், தன் பெயரைச் சொன்னாள். பிறகு குனிந்தாள்.

அவள் பிடரியில் ஐந்து விரல்களும் சிவப்பாகப் பதிந்திருந்ததைத் தீ வெளிச்சத்தில் யோர்க் கண்டான். அதற்குமேல் பார்க்க மாட்டாமல் ஆற்றின் பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுக்குப் பின்னால், குன்றின் மேல், பீரங்கிகளின் வாய்களுக்கு ஒவ்வொன்றாக உறை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.