மூன்றாவது முள்

மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அவள் இரண்டு வாய்கூட வைக்கவில்லை, வாசலில் வண்டி வந்து நின்றது. முக்குளிப்பவர்களுக்கான அழுத்தச் சிகிச்சைக் கூடத்தில் அவள் நர்ஸ். ஆழத்திலிருந்து ஏறுகிறவர்கள் ஆறு மீட்டரில் குறித்த நேரம் நின்றுதான் மேலே வர வேண்டும். நிற்காமல் அவசரமாக வருகிறவர்களின் இரத்தத்தில் குமிழிகள் கட்டிக்கொள்ளும். அவர்களை இரும்புக் கூண்டுக்குள் படுக்கவைத்து, அழுத்தத்தை ஏற்றி, ஆக்சிஜன் கொடுத்து, பிறகு நிதானமாக இறக்க வேண்டும். ஆறு வருடமாகச் செய்கிற வேலை என்பதால் அவள் பதறாமல்தான் எழுந்து போனாள்.

ஸ்ட்ரெச்சரில் கிடந்தது அவள் தம்பி.

"படகுல ஏறினதும் மயங்கி விழுந்துட்டான். இடுப்புக்குக் கீழ உணர்ச்சியே இல்ல," என்றான் படகுக்காரன்.

அவள் வாசலைப் பார்த்தாள். "அவரு எங்க?" தம்பியும் அவள் கணவனும் எப்போதும் ஜோடியாகத்தான் இறங்குவார்கள்.

"பலகையில ரெண்டு வில்லையும் பச்சையாத்தான் இருந்துச்சு. இவனை மட்டும் சின்னப் படகுல தூக்கிட்டு ஓடி வந்தேன், அவரு பெரிய படகுல இருப்பாரு. பின்னாடியே வர்றாங்க."

இறங்குபவன் படகுப் பலகையில் தன் எண் வில்லையைச் சிவப்புப் பக்கம் வைத்துவிட்டு இறங்குவான். ஏறியதும் பச்சைக்குத் திருப்புவான். எல்லாம் பச்சையென்றால் படகு கிளம்பலாம். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தம்பியோடு கூண்டுக்குள் போனாள். கதவு மூடியது. காற்று இரைந்துகொண்டு உள்ளே புகுந்தது. காது அடைத்தது, வெக்கை ஏறியது, ரப்பர் வாசனை மூக்கை அரித்தது. பதினெட்டு மீட்டர் ஆழத்தின் அழுத்தம். இனி அதை இறக்காமல் பத்துப் பேர் சேர்ந்து இழுத்தாலும் கதவு திறக்காது. கொக்கிகளில் மூன்று மாஸ்க் தொங்கின. ஒன்றைத் தம்பிக்குக் கட்டினாள். அவளுக்குக் கூண்டுக் காற்றே போதும்.

கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. வெளியே இருந்த ஆபரேட்டர்.

"ஏம்மா, மூணாவது மாஸ்க்க நீ போட்டிருக்கியா?"

"இல்லையே."

"இங்க மீட்டர் பலகையில அதோட முள்ளு ஆடுதும்மா."

"வால்வு ஒழுகுதோ என்னமோ, பாருங்கண்ணே."

"ஒழுகினா முள்ளு ஒரே பக்கமாப் படுத்துக்கும். இது ஏறி எறங்குது."

அவள் திரும்பிப் பார்த்தாள். காலிப் படுக்கைக்கு மேலே மூன்றாவது மாஸ்க். அதன் ரப்பர் உள்ளே ஒடுங்கியது. அப்படியே நின்றது. மெல்ல உப்பியது.

அங்கே யாருமில்லை.

"அந்த வால்வை மூடிடுங்கண்ணே."

"மூடி அஞ்சு நிமிஷம் ஆச்சும்மா."

அவள் தம்பியின் படுக்கைவரை பின்வாங்கினாள். ஆனாலும் காது அந்த மூச்சை விடவில்லை. நீளமான இழுப்பு. உச்சியில் ஒரு நிறுத்தம். பிறகு அவசரமே இல்லாத ஒரு வெளிமூச்சு.

அவளுக்கு அது தெரிந்த மூச்சு.

காற்றை மிச்சம் பிடித்துப் பாதிச் சிலிண்டரைத் திரும்பக் கொண்டுவருகிற ஆள் என்பதால் கூட்டாளிகள் அவள் கணவனுக்கு வைத்த பெயர் கஞ்சன். படுக்கையில் அந்த நிறுத்தத்தைக் கேட்டுப் பயந்து எத்தனையோ தடவை அவனை உலுக்கி எழுப்பியிருக்கிறாள். "செத்தா போயிட்டேன்? தூங்க விடு," என்பான்.

இருபது நிமிட ஆக்சிஜன் முடிந்து, ஐந்து நிமிட இடைவெளி வந்தது. தம்பியின் மாஸ்க்கைக் கழற்றினாள். அவன் கண் திறந்து, மூன்றாவது மாஸ்க்கையே பார்த்தான். அது நிற்கவில்லை.

"மாமா மேல வரலக்கா."

"பச்சையா இருந்துச்சுன்னாங்களே!"

"நாந்தான் திருப்பினேன்." அவன் கண்ணை மூடிக்கொண்டான். "என் சிலிண்டர் தீந்துபோச்சு. எனக்குக் குடுத்தது போக அவருகிட்டயும் கொஞ்சந்தான் இருந்துச்சு. நீ மேல போ, ஆறு மீட்டருக்கு எனக்கு ஒரு சிலிண்டர் இறக்கி விடுன்னு கையால சொன்னாரு. ஏறினேன். கால் செத்துப்போச்சு. கண்ணு இருட்டுது. கை பாட்டுக்கு ரெண்டையும் திருப்பிடுச்சுக்கா..."

சேர்ந்தே வருகிறவர்கள் என்பதால், முதலில் ஏறுபவன் இரண்டு வில்லையையும் திருப்பிவிடுவது அவர்களுக்குள் பழக்கம். இத்தனை வருடத்தில் ஒருநாளும் தப்பானதில்லை.

அவள் இரும்புச் சுவரில் ஓங்கி அறைந்தாள். "அண்ணே! படகை அனுப்புங்க! ஆறு மீட்டர்ல கயித்தப் பிடிச்சுக்கிட்டுக் காத்திருக்காரு!"

வெளியே ஓடுகிற காலடிகள். அவளால் ஓட முடியாது. இன்னும் நாலரை மணி நேரம். நடுவில் திறந்தால் தம்பி பிழைக்க மாட்டான். அவனை அடித்தே கொல்லலாம் போல இருந்தது. இடைவெளி முடிந்ததும் அவளே அவனுக்கு மாஸ்க்கைக் கட்டிவிட்டாள்.

பிறகு காலிப் படுக்கையில் போய் உட்கார்ந்தாள். விரிப்பு நனைந்திருந்தது. உப்பு வாடை அடித்தது. பயம் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் எழுந்துபோக மனசு வரவில்லை.

"இழுங்க," என்று மாஸ்க்கிடம் கிசுகிசுத்தாள். "இப்பவும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. நல்லா இழுங்க."

கதவு திறந்தபோது தம்பியின் கால் விரல்கள் அசைந்தன. அவனை வார்டுக்குக் கொண்டு போனார்கள். ஆபரேட்டர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"கயித்துல கொக்கிய மாட்டிக்கிட்டு அப்படியே நின்னாராம். சிலிண்டர்ல ஒண்ணுமில்ல. ஆறு மீட்டர்தானேம்மா... மேல வந்திருக்கலாமே."

"வரமாட்டாரு," என்றாள். "நேரம் முடியாம வரவே மாட்டாரு."

அவர் உள்ளே குனிந்து, மூன்றாவது மாஸ்க்கின் குழாயைச் சுவரிலிருந்து பிடுங்கிப் படுக்கைமேல் போட்டார். இருவரும் வெளியே வந்தார்கள்.

அவர்தான் முதலில் மீட்டர் பலகையைப் பார்த்தார். விரலால் காட்டினார்.

கூண்டின் கதவு விரியத் திறந்து கிடந்தது. ஆழம் காட்டும் முள் பூஜ்யத்துக்கு வந்திருக்க வேண்டும். அது ஆறு மீட்டரில் நின்றது.

"மீட்டர் கெட்டுப்போச்சும்மா," என்று மின்சாரப் பொத்தானுக்குக் கையை நீட்டினார்.

அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அணைக்காதீங்கண்ணே. அவருக்கு இன்னும் நேரம் முடியல."

மூன்றாவது முள் ஏறியது. உச்சியில் நின்றது.

அது இறங்கும்வரை அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.