குனியாத கழுத்து

“அம்மா, இவருக்குக் கடைசியா யாராவது தண்ணி குடுத்தாங்களா?”

மெழுகுச் சிலையைக் காட்டி மகள் இதைக் கேட்டுப் பல நாளாகிவிட்டது. சிலை செய்த அம்மா, சிலைக்காரி, அன்று பேச்சை மாற்றிவிட்டாள். பதில் தெரியாமல் இல்லை.

மெழுகில் அவள் வடித்திருந்தவர் ஓர் அச்சுத் தொழிலாளி. அந்தக் காலத்து அரசைக் கவிழ்க்கச் சதி செய்தார் என்று, இதே கட்டடம் சிறைச்சாலையாக இருந்தபோது, இங்கேயே தூக்கிலிட்டார்கள். கடைசியாகத் தண்ணீர் கேட்டார். மேலதிகாரி கண்ணைக் காட்ட, காவலாளி செம்புத் தண்ணீரைத் தரையில் கொட்டிவிட்டான். அந்தக் காவலாளி சிலைக்காரியின் கொள்ளுத்தாத்தா. வீட்டில் அதைத் தாழ்ந்த குரலில்தான் பேசுவார்கள்.

இப்போது அங்கே அந்தச் சதி வழக்கைப் பற்றிய கண்காட்சி. மறுநாள் திறப்பு விழா. ஈரச் சுண்ணாம்பும் உருகிய மெழுகும் மணக்கும் அறைக்குள் சாயங்காலம் அருங்காட்சியக அதிகாரி வந்தார். சிலையின் தலை குனிந்திருக்க வேண்டும், செய்ததற்கு வருந்துவதுபோல, என்றார். அவர் கடைசிவரை குனியவே இல்லையாமே என்று அவள் இழுத்தாள்.

“உங்க மாமனாரா அவரு, இவ்வளவு மரியாதை? குனிய வைங்கம்மா. நாளைக்கு அமைச்சர் வர்றாரு.”

அதிகாரி போனதும் சிலையின் கழுத்தைச் சூடாக்கி வளைத்தாள். கை கழுவித் திரும்பினாள்.

தலை நிமிர்ந்திருந்தது.

உள்ளே இருக்கும் கம்பி விறைத்திருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். மறுபடி வளைத்து, ஈரத்துணி சுற்றி, மெழுகு இறுகும்வரை பிடித்திருந்தாள். கையை எடுத்தாள்.

நெறுக்.

அவள் கண்ணெதிரே தலை மெல்ல எழுந்தது. கண்ணாடிக் கண்கள் அவளைத் தாண்டிக் கதவைப் பார்த்தன.

பிறகு அந்தச் சத்தம். வறண்ட தொண்டை எச்சில் விழுங்கும் சத்தம்.

ஓடத்தான் நினைத்தாள். வாசலில் அதிகாரி நின்றார். இன்னுமா முடியவில்லை என்று சலித்துக்கொண்டு, மேசையிலிருந்த சிறு ரம்பத்தை எடுத்து நீட்டினார். அறுத்து, குனிய வைத்து ஒட்டச் சொன்னார். முடியாதென்றால் நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம்.

அந்தச் சம்பளத்தை விட்டால் அவளுக்கு வேறு வழி கிடையாது. ரம்பத்தை வாங்கினாள். பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

“இந்தக் கழுத்த ஒரு தடவ முறிச்சாச்சு சார். ரெண்டாவது தடவ என் கையால நடக்காது.”

அவரே போய்ச் சிலையின் கழுத்தைப் பற்றினார்.

பற்றிய கை வெடுக்கென்று பின்வாங்கியது.

“துடிக்குது,” என்றார் கிசுகிசுப்பாக. சுவரைத் தடவிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

அறையில் அவளும் சிலையும் மட்டும். அன்று தண்ணீரைக் கொட்டியவனும் மனிதன்தான், பயந்துபோன மனிதன். ஆனால் அவன் பயந்தான் என்பதால் இவர் தாகம் தீர்ந்துவிடவில்லை. தன் பாட்டிலிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். கடவுளே என்று மனத்துக்குள் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு, மெழுகு உதட்டருகே கொண்டுபோனாள்.

டம்ளரின் கனம் குறைந்துகொண்டே வந்தது.

கண்ணைத் திறந்தாள். தரையில் ஒரு சொட்டு ஈரமில்லை. நிமிர்ந்த கழுத்தில் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.